“இது போன வருஷமே பார்த்தாச்சு”: டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாமாண்டு பி.இ. சேர்ந்த தம்பிக்கு

வீரவநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மாணவர் எழுதியிருக்கிறார். பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர். பிறகு மூன்றாண்டு மெக்கானிக்கல் டிப்ளமோவை நல்ல மதிப்பெண்ணோடு முடித்து, லேட்டரல் என்ட்ரி கவுன்சலிங் மூலம் திருநெல்வேலியை அடுத்த ஒரு பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாமாண்டு சேர்ந்திருக்கிறார். மூன்றாம் செமஸ்டர் முடிவு வந்ததும் கணிதம், தெர்மோடைனமிக்ஸ், என்ஜினியரிங் மெக்கானிக்ஸ் என்று மூன்று தாள்களில் அரியர். பாலிடெக்னிக்கில் ஒரு தாளிலும் தவறாத தனக்கு இந்தப் படிப்புக்கான மூளை இல்லையோ, நின்றுவிட்டு டிப்ளமோவை வைத்தே சென்னைப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விடலாமோ என்று கேட்கிறார். குத்தகைக்குப் பயிர் செய்யும் அப்பாவிடமும் பீடி சுற்றும் அம்மாவிடமும் இன்னும் சொல்லவில்லை என்பதையும் எழுதியிருக்கிறார். நான் முதலில் பாலிடெக்னிக்கிலும் பின்னர் பொறியியல் கல்லூரியிலுமாக நெடுங்காலம் கணிதம் நடத்தியவன் என்பதால், இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

தம்பி, முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பொறியியல் கல்லூரியில் மூன்றாம் செமஸ்டர் கணிதம் நடத்தும்போது, கரும்பலகையில் ஒரு கணக்கின் நடுப்படி வந்ததும், “இது போன வருஷமே பார்த்தாச்சு, அடுத்த ஸ்டெப்புக்குப் போவோம்” என்று சொல்லிக் கடந்துபோகும் பழக்கம் எனக்குப் பல ஆண்டுகள் இருந்தது. ஒரு நாள் வகுப்பு முடிந்ததும், கடைசி வரிசையில் உட்காரும் ஒரு மாணவர் வராந்தாவில் என்னை நிறுத்தி, “சார், போன வருஷம் நாங்க இங்க இல்லையே” என்றார். பாலிடெக்னிக்கிலிருந்து வந்த பிள்ளைகளுக்கே முன்பு பாடம் நடத்தியிருந்த எனக்கு அது தானாகத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. அந்த ஒரு வாக்கியத்தால் எத்தனை பிள்ளைகளை நான் நடுவழியில் விட்டேன் என்று நினைத்து அன்று இரவு வருந்தினேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்த மாணவரின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

உங்களுக்கு நேர்ந்ததும் இதுவேதான். மற்றவர்கள் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் இரண்டாண்டு கணிதம் படித்துவிட்டு, முதலாண்டு பொறியியலில் இன்னும் இரண்டு கணிதத் தாள்களைப் படித்துவிட்டு அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் பத்தாம் வகுப்புக்குப் பின் டிப்ளமோவின் முதலாண்டில் மட்டும் கணிதம் படித்தீர்கள். அடுத்த இரண்டு ஆண்டுகள் லேத், மில்லிங், டிராயிங், தெர்மல் லேப் என்று கழிந்தன, கணிதப் புத்தகத்தைத் தொட வேண்டிய தேவையே வரவில்லை. ஆகவே உங்களிடம் குறைவாக இருப்பது மூளை அல்ல. குறிப்பிட்ட சில அத்தியாயங்கள். கன்னடியன் கால்வாயின் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் உங்கள் அப்பா வயலைப் பழிக்க மாட்டார். கரையோடு மேலே நடந்து போய், அமலைச் செடி எந்த இடத்தில் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பார். நீங்களும் அப்படித்தான் மேலே நடந்து போய்ப் பார்க்க வேண்டும்.

அதற்கு எளிய வழி ஒன்றைச் சொல்கிறேன். இன்றிலிருந்து எந்த வகுப்பிலும் ஆசிரியர் “இது உங்களுக்குத் தெரிந்ததுதான்”, “இது போன வருஷம் பார்த்தது” என்று சொல்லிக் கடந்துபோகும் ஒவ்வொரு இடத்தையும், நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரே வரியில் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் புரிய வேண்டும் என்று முயலாதீர்கள்; குறித்தால் போதும். இரண்டு வாரத்தில் அந்தப் பக்கம் நிரம்பும், அதன்பிறகு புதிதாகச் சேர்வது குறைந்துவிடும். ஏனென்றால் திரும்பத் திரும்ப வருவது ஏறத்தாழ ஒரே பத்துப் பன்னிரண்டு செய்திகள்தாம். அந்தப் பட்டியலே நீங்கள் தனியாகப் படிக்க வேண்டிய பாடத்திட்டம். விட்டுப்போன முதலாண்டு முழுவதையும் திரும்பப் படிக்க வேண்டும் என்று நினைத்துத்தான் பலர் மலைத்துப்போய்த் தொடங்காமலே விட்டுவிடுகிறார்கள்.

மெக்கானிக்கல் பிரிவின் மூன்றாம் செமஸ்டர் கணிதத் தாளையே எடுத்துக்கொள்வோம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன்படி, அதாவது அந்த ஆண்டின் பாடத்திட்ட விதிப்படி, அதன் ஐந்து யூனிட்டுகள் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள், ஃபூரியர் தொடர், பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளின் பயன்பாடு, ஃபூரியர் உருமாற்றம், இசட் உருமாற்றம் ஆகியவை. இவற்றுக்குப் பழைய பாடத்திலிருந்து உண்மையில் வேண்டியவை எவை? ஃபூரியர் தொடருக்கு, ஒரு சார்பு ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்க்கத் தெரிய வேண்டும். பெர்னோலி சூத்திரத்தால் தொகையிட, அதாவது இன்டக்ரேட் செய்யத் தெரிய வேண்டும். சைன் என்-பை சுழி, காஸ் என்-பை மைனஸ் ஒன்றின் என்-ஆம் அடுக்கு என்னும் இரண்டு மதிப்புகள் விரல் நுனியில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் கைக்கு வந்துவிட்டால் அந்த யூனிட்டின் பெரும்பாலான கணக்குகள் ஒரே அச்சில் வார்த்தவை போலத் தெரியும். பகுதி வகைக்கெழுவுக்கு, ஒரு மாறியை வகையிடும்போது மற்றதை மாறிலியாக வைக்கும் பழக்கம் வேண்டும். இசட் உருமாற்றத்துக்குப் பகுதிப் பின்னமும் பெருக்குத் தொடரும் போதும். தொகையிடலே ஏறத்தாழத் தேவையில்லை என்பதால் உங்களைப் போன்றவர்களுக்கு அது நல்ல தொடக்கம். ஆகவே பாட வரிசையைப் பின்பற்றாமல், முதலில் ஃபூரியர் தொடர், அடுத்து இசட் உருமாற்றம், பிறகு ஃபூரியர் தொடரையே துணையாகக் கொண்டு நடக்கும் அலைச் சமன்பாடு, வெப்பச் சமன்பாடு, கடைசியில் மற்ற இரண்டு என்று படியுங்கள். என்னிடம் படித்த லேட்டரல் பிள்ளைகளுக்கு இந்த வரிசைதான் ஒத்துவந்தது.

இந்த அடிப்படைகளை எங்கே படிப்பது என்றால், தடித்த பொறியியல் கணிதப் புத்தகத்தில் அல்ல. தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணித நூல்களை எடுத்துக்கொள்ளுங்கள். பதினொன்றாம் வகுப்பின் இரண்டாம் தொகுதியில் தொகை நுண்கணிதம் இருக்கிறது. பெர்னோலி சூத்திரம் அங்கேயே வருகிறது. பன்னிரண்டாம் வகுப்பின் இரண்டாம் தொகுதியில் பகுதி வகைக்கெழுக்களும் சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகளும் உள்ளன. இந்த நூல்கள் தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டும் ஒரே பாடம், ஒரே கணக்குகள். இரண்டையும் அருகருகே வைத்துக்கொண்டு, தமிழில் வாசித்துப் புரிந்துகொண்டு அதே பத்தியை ஆங்கிலத்தில் வாசித்தால், விட்டுப்போன பாடமும் வகுப்பில் காதில் விழும் ஆங்கிலச் சொற்களும் ஒன்றாகக் கைக்கு வரும். வகுப்பில் பாதிக்குமேல் ஆங்கிலத்தால் விளங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தனியாக ஆங்கிலம் படிக்க உங்களுக்கு இப்போது நேரமில்லை. இந்த இரட்டை வாசிப்பே அந்த வேலையைச் செய்யும். இதற்கு மேல் வகுப்புப் பாடத்துக்கே விளக்கம் வேண்டுமானால், ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். காணொளிகள் இலவசம், பலவற்றின் பாட உரை தமிழிலும் கிடைக்கிறது.

மற்ற இரண்டு அரியர் தாள்களில் இருப்பது வேறு வகையான சிக்கல். அந்தப் பாடங்களை டிப்ளமோவிலேயே ஓரளவு படித்திருந்தும் தவறினீர்கள் என்பதால்தான் உங்களுக்கு மனம் அதிகம் உடைந்திருக்கிறது. அங்கே மாறியது பாடமன்று, கேள்வியின் போக்கு. டிப்ளமோவில் நாசிலுக்கு ஒரு சூத்திரம், டர்பைனுக்கு ஒரு சூத்திரம், பாய்லருக்கு ஒரு சூத்திரம் என்று தனித்தனியாக மனத்தில் வைத்து, எண்களைப் போட்டு விடை எடுத்தீர்கள். இங்கே சீரான ஓட்டத்துக்குரிய ஆற்றல் சமன்பாடு ஒன்றை முழுமையாக எழுதி, கேட்கப்பட்ட கருவியில் அதன் எந்த உறுப்பு சுழியாகிறது, ஏன் ஆகிறது என்று சொல்லிவிட்டுத்தான் விடைக்கு வர வேண்டும். நாசிலில் வேலை எதுவும் வெளியே எடுக்கப்படுவதில்லை, ஆகவே எந்தால்பி (உள்ளாற்றலும் அழுத்தத்தால் வரும் ஆற்றலும் சேர்ந்த அளவு) குறையும் அளவுக்கு இயக்க ஆற்றல் கூடுகிறது; டர்பைனில் வேகமாற்றத்தைப் புறக்கணித்தால் எந்தால்பி குறைவதே வேலையாக வெளிவருகிறது; பாய்லரில் வேலை இல்லை, ஆகவே கொடுத்த வெப்பம் எந்தால்பி உயர்வாகிறது. சரியான விடை எழுதியும் மதிப்பெண் வரவில்லை என்ற உங்கள் வருத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் இந்த “ஏன்” விடைத்தாளில் இல்லாமல் போனதாகத்தான் இருக்கும். என்ஜினியரிங் மெக்கானிக்ஸும் அப்படியே. ஒரு பொருளைத் தனியே பிரித்து அதன்மேல் செயல்படும் விசைகளைக் காட்டும் ஃப்ரீ பாடி டயகிராம் வரையாமல் நேரே சமன்பாட்டுக்குப் போகும் பழக்கத்தை விட வேண்டும். வெக்டர் முறையில் விசைத் திருப்பம் காணும் கணக்குகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முதல் தொகுதியின் வெக்டர் இயற்கணித அத்தியாயம் போதுமானது.

விடையில் “ஏன்” இல்லாததே காரணம் என்று நான் சொன்னது ஊகம்தான் என்பதால், உறுதிசெய்துகொள்ளத் தெர்மோடைனமிக்ஸ் விடைத்தாளின் நகலுக்கு விண்ணப்பியுங்கள். முடிவு வந்தபின் அதற்குத் தரப்படும் நாள்கள் குறைவு; நாளைக்கே கல்லூரித் தேர்வுப் பிரிவில் கேளுங்கள். மறுமதிப்பீட்டில் மதிப்பெண் கூடுமா என்பது இரண்டாவது கேள்வி. உங்கள் கையெழுத்தில் எந்த வரியோடு மதிப்பெண் நின்றது என்று கண்ணால் பார்ப்பதே இந்த நகலின் பெரிய பயன்.

இனி நேரக் கணக்குக்கு வருகிறேன். மூன்று அரியரையும் நடப்புத் தாள்களையும் சேர்த்து எப்படிப் படிப்பது என்று திகைக்கிறீர்கள். நான்காம் செமஸ்டர் தாள்களை எடுத்துப் பாருங்கள். இப்போது நடக்கும் தெர்மல் என்ஜினியரிங், தெர்மோடைனமிக்ஸின் தொடர்ச்சி. தியரி ஆஃப் மெஷின்ஸும் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸும் என்ஜினியரிங் மெக்கானிக்ஸின் மேல் எழுந்தவை. ஆகவே அந்த இரண்டு அரியர்களைத் தனிச் சுமையாக எண்ண வேண்டாம். இந்த வாரம் வகுப்பில் நடக்கும் பாடத்துக்கு அடியில் இருக்கும் பழைய அத்தியாயத்தை அதே வாரம் படித்துவிட்டால், ஒரே உழைப்பு இரண்டு தாள்களுக்கு உதவும். மெக்கானிக்கலின் நான்காம் செமஸ்டரில் கணிதத் தாள் இல்லை என்பதால், கணித அரியருக்கு மட்டும்தான் தனி நேரம் வேண்டும். காலையில் கல்லூரிப் பேருந்து வருவதற்கு முன் ஒரு மணி நேரத்தைக் கணிதத்துக்கென்று ஒதுக்குங்கள். மாலையில் களைத்துத் திரும்பியபின் கணிதம் ஏறாது. அப்போது எழுதுவேலையை வைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ராலிக்ஸ் அண்ட் நியூமாட்டிக்ஸ், மேனுஃபேக்சரிங் டெக்னாலஜி இரண்டும் உங்கள் சொந்த மண். அவற்றில் டிப்ளமோ அறிவே பாதி வழி கொண்டுசேர்க்கும். அங்கே மிச்சமாகும் நேரம் கணிதத்துக்குப் போகட்டும்.

முகூர்த்த நாள்களில் கேட்டரிங் வேலைக்குப் போவதாக எழுதியிருந்தீர்கள். வீட்டு நிலை அறிந்து போகிறீர்கள். விட்டுவிடுங்கள் என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் செமஸ்டருக்கு நடுவில் கல்லூரியே நடத்தும் இன்டர்னல் தேர்வுக்கு முந்தைய இரண்டு ஞாயிறுகளை மட்டும் காத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதன் காரணத்தை எண்ணிக்கையிலேயே காட்டுகிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் எழுத்துத் தாள்களுக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்ச்சிக்கு மொத்தம் 50 வேண்டும். அதோடு செமஸ்டர் தேர்வில் மட்டும் நூற்றுக்கு 45 குறையாமல் எடுத்திருக்க வேண்டும். நூற்றுக்கு 45 என்பது அறுபதுக்கு 27. ஆகவே இன்டர்னலில் 23 எடுத்தவருக்குச் செமஸ்டர் தேர்வில் அந்த நூற்றுக்கு 45 போதும். இன்டர்னலில் 15 மட்டுமே வைத்திருப்பவர் அறுபதுக்கு 35, அதாவது நூற்றுக்கு 59-க்கு அருகில் எடுத்தாக வேண்டும். லேட்டரல் பிள்ளைகள் பலர், “பெரிய பரீட்சையில் பார்த்துக்கொள்ளலாம்” என்று முதல் இன்டர்னலை விட்டுவிட்டு இந்த இடத்தில்தான் விழுகிறார்கள். உங்கள் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரியானால் எண்கள் மாறும். கல்லூரி விதிநூலை ஒருமுறை முழுவதும் வாசித்துவிடுங்கள். வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் குறையாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரியர் நிரந்தரக் கறையாக நின்றுவிடுமோ என்ற அச்சத்துக்கும் அதே விதிநூலில் பதில் இருக்கிறது. தேறாத தாள் சி.ஜி.பி.ஏ. எனும் ஒட்டுமொத்தக் கிரேடு சராசரிக் கணக்கில் சேர்வதில்லை, தேறியபின் அப்போது பெற்ற கிரேடுதான் சேரும். எல்லாத் தாளிலும் முதல் முயற்சியிலேயே தேற வேண்டும் என்ற நிபந்தனையுள்ள டிஸ்டிங்ஷன் உங்களுக்கு இனி இல்லை, அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. ஆனால் உரிய காலத்துக்குள் முடித்து 6.5 எடுத்தால் முதல் வகுப்பு திறந்தே இருக்கிறது. உங்களுக்கு முதலாண்டு மதிப்பெண் கணக்கில் இல்லாததால், மீதமுள்ள ஒவ்வொரு செமஸ்டருக்கும் மற்றவர்களைவிட எடை அதிகம். இனி நன்றாக எழுதினால் சராசரி விரைவாகவே ஏறும்.

வகுப்பில் மற்றவர்கள் ஓராண்டு ஒன்றாகப் பழகிவிட்டார்கள், நாங்கள் லேட்டரல் பிள்ளைகள் மட்டும் தனியாகப் பின்வரிசையில் இருக்கிறோம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரிசையை விட்டு எழுந்து வாருங்கள். லேத்தில் நின்று வேலை செய்த கையும், டிராயிங்கைப் பார்த்தவுடன் பொருளைக் கண்ணுக்குள் காணும் பழக்கமும் உங்களிடம் இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து வந்தவர்களில் பலருக்கு லேப்பில் கை நடுங்கும். ஒருவருக்கு நீங்கள் லேப் வேலையைச் சொல்லிக்கொடுங்கள். அவர் உங்களுக்குத் தொகையிடல் சொல்லித்தரட்டும். இப்படிச் சேர்ந்த இணைகள் கடைசி ஆண்டு புராஜெக்ட் வரை பிரியாமல் போனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதேபோல, குறித்துவைத்த கடைசிப் பக்கத்தோடு கணித ஆசிரியரை ஒரு நாள் மதிய இடைவேளையில் போய்ப் பாருங்கள். “சார், எனக்கு ஒன்றும் புரியவில்லை” என்று போனால் எந்த ஆசிரியராலும் உதவ முடியாது. “இந்த நான்கு இடங்கள் எங்களுக்கு நடக்கவில்லை” என்று போனால் பெரும்பாலோர் உட்கார வைத்துச் சொல்லித் தருவார்கள். என்னை வராந்தாவில் நிறுத்திய மாணவர் செய்ததும் அதுதான். அதற்குப்பின் அந்த ஆண்டு சனிக்கிழமைதோறும் லேட்டரல் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு எடுத்தேன்.

நின்றுவிடலாமா என்பதற்கு வருகிறேன். டிப்ளமோவோடு வேலைக்குப் போவது எந்த வகையிலும் குறைவானதன்று. என் மாணவர்கள் பலர் அப்படிப் போய் நன்றாகவே இருக்கிறார்கள். ஆனால் அந்த முடிவை ஒரே ஒரு செமஸ்டரை, அதுவும் கவுன்சலிங் முடிந்து தாமதமாகச் சேர்ந்து, என்ன விட்டுப்போயிருக்கிறது என்றே தெரியாமல் எழுதிய செமஸ்டரை, வைத்து எடுக்கக் கூடாது. ஏப்ரல், மே தேர்வை இந்த முறையில் படித்து எழுதிப் பாருங்கள். அந்த முடிவும் இப்படியே வந்தால் அப்போது மீண்டும் பேசுவோம்; உங்கள் டிப்ளமோ அதுவரை உங்களிடமேதான் இருக்கும். இடையில் தூக்கம் வராமல், உயிரே பாரமாகத் தோன்றும் நிலை வந்தால், ஒரு நாள்கூடத் தனியே வைத்துக்கொண்டிராமல் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கோ 104 என்ற மருத்துவ உதவி எண்ணுக்கோ அழையுங்கள். இரண்டும் இலவசம், இரண்டிலும் தமிழில் பேசலாம்.

அப்பாவிடம் சொல்ல வேண்டும். பிசான அறுவடைக்கு நீங்களும் வயலுக்குப் போவீர்கள் அல்லவா, நெல் களத்துக்கு வந்து அவர் சற்று ஓய்ந்து உட்காரும் நேரத்தில் சொல்லுங்கள். “ஃபெயில்” என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். மூன்று தாள், அவற்றைத் திரும்ப எழுதும் மாதம், கட்ட வேண்டிய கட்டணம், விட்டுப்போன பாடங்களைப் படிக்கத் தொடங்கிவிட்டேன் என்பது வரை சொல்லுங்கள். மற்றவர் வாயிலாகத் தெரியவந்தால்தான் அவர் நொந்துபோவார். அம்மாவுக்குச் சொல்லும் பொறுப்பை அவரிடமே விடலாம்.

விடைத்தாள் நகல் கைக்கு வந்ததும் தெர்மோடைனமிக்ஸின் பதின்மூன்று மதிப்பெண் விடைகளை மட்டும் எனக்கு அனுப்புங்கள். எந்த வரியில் நின்றிருக்கிறீர்கள் என்று சேர்ந்து பார்ப்போம்.